மூக்குக்கு விலை வைப்பது எப்படி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு நல்ல நேரம் தொடங்குகிறது. குறித்துக் கொடுத்தது பஞ்சாங்கம் அல்ல, மாநில அரசு. அன்று முதல் ஜனவரி 31 வரை, தினமும் காலை 10 மணியிலிருந்து சூரியன் மறையும் வரை, உரிமம் வாங்கிய ஒருவர் ஃபெசன்ட் என்னும் கோழி இனத்துப் பறவையில் நாளொன்றுக்கு மூன்று சேவல்களைச் சுடலாம். பெட்டையைத் தொடக்கூடாது. இந்த மூன்று சேவலுக்காக மினசோட்டா, ஜார்ஜியா, டெக்சாஸ் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வண்டி கட்டியும் விமானம் ஏறியும் வருகிறார்கள். உள்ளூர் வேட்டைக்காரர்களைவிட வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். சேவலைக் கண்டுபிடிக்க நாய் வேண்டும். நாயை நடத்த ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

உங்களிடம் நல்ல நாய்கள் இருக்கின்றன. பக்கத்துப் பண்ணைக்காரர் உறவு. தண்ணீர் உறையும் குளிரிலும் உங்களுக்கு மூக்கு ஒழுகுவதோடு சரி. ஆகவே வழிகாட்டித் தொழிலில் இறங்க முடிவு செய்துவிட்டீர்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு கேட்பது?

எல்லோரும் முதலில் செய்வது, அடுத்த ஊர்க்காரர் வாங்கும் கட்டணத்தை விசாரித்து அதில் ஐம்பது டாலர் குறைத்து எழுதுவது. அவரும் அப்படித்தான் எழுதினார், அவருக்கு அடுத்த ஊர்க்காரரைப் பார்த்து. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் மறுமுனையில் ஓய்வுபெற்ற ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். ஓய்வூதியம் வருகிறது, பகல் முழுக்க வீட்டில் இருந்தால் சண்டை வருகிறது, யாராவது கூப்பிட்டால் போதும், காப்பிக்கே கிளம்பிவிடுவார். முழு மாவட்டத்துக்கும் விலை நிர்ணயித்தவர் அவர்தான். அவரோடு போட்டி போடாதீர்கள். தோற்றால் நஷ்டம், ஜெயித்தால் இன்னும் பெரிய நஷ்டம்.

கட்டணம் வைக்குமுன் எதை விற்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பறவையை அல்ல. அமெரிக்காவில் காட்டுப் பறவை நிலத்துக்காரருக்கே சொந்தமில்லை, உங்களுக்கு எங்கிருந்து சொந்தமாகும்? காட்டு உயிர்கள் மக்கள் எல்லோருக்கும் பொது, அவர்கள் சார்பில் மாநிலம் அவற்றுக்குக் காவல் என்று 1896-இல் கனெக்டிகட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே வேட்டைப் பறவைகளை மாநிலத்துக்கு வெளியே அனுப்பப் பார்த்த ஒருவரைப் பற்றியதுதான். 1979-இல் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே ஒதுக்கி வைத்துவிட்டது என்றாலும் பொதுச்சொத்து என்ற எண்ணம் போகவில்லை. காட்டில் சுட்ட சேவலைக் கறிக்கடைக்கு விற்க இன்றைக்கும் வழியில்லை. ஆகவே ‘சேவல் ஒன்று இத்தனை டாலர்’ என்று பலகை எழுதி மாட்டினால் முதல் வாடிக்கையாளர் சீருடையில் வருவார்.

பறவை பொது. நிலம் பண்ணைக்காரருடையது. வானிலை ஆண்டவனுடையது. துப்பாக்கி வந்தவருடையது. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது நாயின் மூக்கும் உங்கள் பொறுமையும்தான். இரண்டுக்கும் சந்தை நிலவரம் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. இந்தத் தொழிலில் கட்டணம் சொல்வது கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: நீங்கள் விற்பதை வந்தவர் கேட்கவில்லை, அவர் கேட்பதை நீங்கள் விற்க முடியாது.

தொலைபேசியில் பேச்சு எப்படிப் போகும் என்றால்:

“எத்தனை பறவை கிடைக்கும்?”

“சட்டப்படி ஒரு நாளைக்கு மூன்று.”

“சட்டத்தைக் கேட்கவில்லை சார். கிடைக்குமா?”

“என் நாய் பறவை இருக்கும் இடத்துக்கு உங்களைக் கூட்டிப் போகும். அது கிளம்பும். நீங்கள் சுட வேண்டும்.”

“அதாவது உத்தரவாதம் இல்லை.”

“உங்கள் குறிக்கு நான் எப்படி உத்தரவாதம் தர முடியும்?”

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொன்ன வழிகாட்டிகள் இப்போது டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உத்தரவாதம் கேட்பவர்களுக்கென்றே இன்னொரு வகை வியாபாரம் இருக்கிறது. அரசு அனுமதி பெற்ற தனியார் வேட்டைத் தோட்டங்கள். பண்ணையில் வளர்த்த சேவல்களைக் காசு கொடுத்து வாங்கிவந்து புல்வெளியில் விடுவார்கள். அங்கே பருவம் செப்டம்பர் 1-இல் தொடங்கி மார்ச் 31 வரை நீளும். பறவையைக் காசு கொடுத்து வாங்கியதால் அதற்கு விலையும் வைக்கலாம், ‘கணக்குக்கு மேல் விழுந்த பறவைக்குத் தலா இவ்வளவு’ என்று பில்லில் சேர்க்கவும் செய்யலாம். விருந்தினர் காப்பி குடிக்கும் நேரத்தில் ஓர் இளைஞன் கூண்டுகளோடு வயலுக்குப் போய்த் திரும்புவான். ஒரு மணி நேரம் கழித்து அதே சேவல் எழும்பும்போது, ‘ஆகா, காட்டுப் பறவையின் வேகமே தனி!’ என்பார் விருந்தினர். நீங்கள் நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருங்கள். நாய்க்கும் விஷயம் தெரியும். அதுவும் ஒன்றும் சொல்லாது.

சொல்லப்போனால் காட்டுச் சேவலும் வந்தேறிதான். கழுத்தில் வெள்ளை வளையமும் நீண்ட வாலும் உள்ள இந்தப் பறவையை 1880களின் தொடக்கத்தில் ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஓவன் டென்னி கப்பலில் ஓரிகனுக்கு அனுப்பினார். தெற்கு டகோட்டாவில் 1908-இல் ரெட்ஃபீல்டு ஊர்ப்பக்கம் விட்டவை பிழைத்துப் பெருகின. 1919-இல் முதல் வேட்டைப் பருவம் ஒரே ஒரு நாள் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அபர்டீன் ரயில் நிலையத்தில் இறங்கிய சிப்பாய்களுக்கு ஃபெசன்ட் கறி வைத்த சாண்ட்விச் கொடுத்து அனுப்பும் அளவுக்குச் சேவல் மலிந்துபோனது. 1943-இல் சீனத்துப் பறவை மாநிலப் பறவையாகிவிட்டது. மாநிலப் பறவையை நாளுக்கு மூன்று வீதம் சுடலாம் என்று ஒரு மாநிலமே அழைப்பு விடுப்பது பெரிய மனதுதான். இந்த வரலாற்றை இரவுச் சாப்பாட்டுக்கு முன் சொல்லுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் வாங்க முடியாது என்றாலும், பகலில் ஒன்றும் விழாத நாளில் பேச்சை மாற்ற உதவும்.

இனி நாய்க் கணக்கு. இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அட்டை கெட்டியானதாக இருக்கட்டும், நிறைய தடவை தூக்கி எறியப் போகிறீர்கள்.

நாய் இரண்டு வகை. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர், பிரிட்டனி, இங்கிலீஷ் செட்டர் போன்றவை வாசனை பிடித்த இடத்தில் அப்படியே உறைந்து நிற்கும். வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர அவகாசம் கிடைக்கும். லாப்ரடார், ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் எல்லாம் நேரே புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். அருகில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஃபெசன்டுக்கோ பறப்பதைவிட ஓடுவதில்தான் நம்பிக்கை. நாய் இங்கே ஒற்றைக் காலைத் தூக்கிச் சிலையாக நிற்க, சேவல் சோளத் தட்டைக்குள் நூறு கஜம் ஓடி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இதைப் பார்த்துப் பைத்தியம் பிடிக்காத நாயைத் தயார் செய்யவே இரண்டு, மூன்று வருடம் போய்விடுகிறது. பிறகு எட்டு வயது வரை நல்ல உழைப்பு. அதற்குப் பிறகு அடுப்பங்கரையில் படுத்துக்கொண்டு சம்பளம் வாங்கும் பதவி.

வேலை மூன்றரை மாதம். சாப்பாடு பன்னிரண்டு மாதம். அந்தச் சாப்பாடும் சாதாரணமானது அல்ல. உழைக்கும் நாய்க்கு 30 சதவீதம் புரதமும் 20 சதவீதம் கொழுப்பும் உள்ள தீனி. விருந்தினர் ஒரு மைல் நடந்தால் நாய் அந்த வரிசைக்குக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு மைல் ஓடியிருக்கும். ஆகவே ஒரே நாயை வைத்து ஒரு நாளை ஓட்ட முடியாது. காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, இரண்டில் ஒன்று காலை வெட்டிக்கொண்டால் மாற்றுக்கு ஒன்று.

வெட்டிக்கொள்ளும், சந்தேகமே வேண்டாம். முள்கம்பி வேலி இருக்கிறது. முள்ளம்பன்றி இருக்கிறது, அதன் முள்ளில் நுண்ணிய கொக்கிகள் உண்டு, விட்டால் உள்ளே உள்ளே போகும், நாலு முள் என்றால் இடுக்கி போதும், நாற்பது என்றால் மயக்க மருந்தும் மருத்துவர் பில்லும். வைல்டு ரை வகைப் புல்லின் கதிர்முள் இருக்கிறது. ஓடும்போது மூச்சில் இழுத்தால் நுரையீரலில் போய்ச் சீழ் பிடிக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது, அறுவைச் சிகிச்சை வரை இழுத்துவிடும். பருவத்தின் முதல் நாட்களில் வெயில் இருக்கிறது. 2003-இல் பருவம் தொடங்கிய நாளில் அடித்த வெப்பத்தில் மாநிலம் எங்கும் நிறைய நாய்கள் செத்துப்போயின. அந்த வயல்களில் யாராவது, ‘விமான டிக்கெட் போட்டு வந்திருக்கிறோம், இன்னும் ஒரு சுற்று போகலாமே’ என்று சொல்லியிருப்பார். உங்கள் கட்டணப் பட்டியலில் ‘நாய் போதும் என்றால் போதும்’ என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் வேடிக்கை செய்யவில்லை.

ஸ்கங்க் வேறு இருக்கிறது. பூனை அளவே உள்ள, கருப்பு வெள்ளைக் கோடு போட்ட இந்தப் பிராணி வாலைத் தூக்கி ஒரு தடவை பீய்ச்சினால் போதும், நாயும் வண்டியும் நீங்களும் ஒரு வாரம் சமூக விலக்கு. மருந்து எளியது: கால் கேலன் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கால் கப் சமையல் சோடா, ஒன்றிரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். கலந்த சூட்டோடு தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். அடுத்த முறைக்கு ஆகும் என்று மீதியைப் பாட்டிலில் மூடி வைத்தால் வெடிக்கும். சிக்கனம் எல்லா இடத்திலும் செல்லாது.

இப்போது கூட்டுங்கள். பேச்சுக்கு, ஒரு நாயின் ஆயுள் செலவு 15,000 டாலர் என்று வையுங்கள். ஆறு பருவம் உழைக்கும், பருவத்துக்கு 40 நாள், ஆக 240 நாள். நாளொன்றுக்கு 62 டாலர் 50 செண்ட். ஒரு நாளைக்கு மூன்று நாய் என்றால் 187 டாலர் 50 செண்ட். இதில் இன்னும் நிலக் குத்தகை இல்லை, பெட்ரோல் இல்லை, காப்பீடு இல்லை, கிழிந்த கால்சட்டை இல்லை, நீங்கள் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வந்த தொகையைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஊர்க்காரர் எப்படிப் பாதி விலைக்குச் செய்கிறார் என்று வியப்பீர்கள். அவர் நோட்டுப் புத்தகம் வாங்கவில்லை. மேலும் அவர் மனைவி ஊர் மருத்துவமனையில் நர்ஸ். வீட்டுக் கடனும் மருத்துவக் காப்பீடும் அந்தச் சம்பளத்தில் ஓடுகின்றன. அந்த மாவட்டத்தில் வேட்டைத் தொழிலின் மிகப் பெரிய முதலீட்டாளர்கள் நர்ஸ்களும் பள்ளி ஆசிரியைகளும்தான். யாரும் அவர்களுக்குக் கேடயம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கணக்கு எழுதுவதில் இன்னொரு வசதி, வருமான வரித் துறை உங்களை நம்பும். அமெரிக்க வரிச் சட்டத்தில் தொழிலுக்கும் பொழுதுபோக்குக்கும் எல்லைக்கோடு உண்டு. ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டு லாபம் காட்டினால் தொழில் என்று எடுத்துக்கொள்வார்கள். காட்டாவிட்டால், ‘ஐயா, நான் நிஜமாகவே சம்பாதிக்கத்தான் இதைச் செய்கிறேன்’ என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். குதிரை வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஏழில் இரண்டு ஆண்டு லாபம் போதும் என்று சலுகை. நாய்க்கு அந்தச் சலுகை இல்லை. குதிரைக்காரர்களுக்கு வாஷிங்டனில் ஆள் இருக்கிறது. நாய்க்காரர்கள் அந்த நேரத்தில் வயலில் இருந்தார்கள்.

கட்டணத்தை ஏற்றுவது எப்படி என்பதற்கு மற்ற ஊர்களைப் பாருங்கள். ஜார்ஜியாவில் தாமஸ்வில் பக்கம் காடை வேட்டைக்குக் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் மெத்தை போட்டு உட்கார்த்திக் கூட்டிப் போகிறார்கள். பாயின்டர் நாய் நின்றதும் வண்டி நிற்கும், விருந்தினர் இறங்கிச் சுட்டுவிட்டு ஏறிக்கொள்வார், விழுந்ததை எடுத்துவர வண்டியிலேயே இன்னொரு குட்டி நாய் சவாரி வரும். டகோட்டாவில் வாங்குவதைப்போல் பல மடங்கு வாங்குகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் 12-இல் குரௌஸ் என்னும் பறவையின் பருவம் தொடங்கினால் இன்னும் வசதி: விருந்தினர் ஒரு மறைப்புக்குள் நிற்பார், ஊர் ஆட்கள் கொடி வீசிப் பறவையை அவர் தலைக்கு மேலே விரட்டி அனுப்புவார்கள், துப்பாக்கியில் தோட்டா போட்டுத் தரவும் பக்கத்தில் ஆள். விலை அதற்கும் மேலே. இதிலிருந்து தெரிவது, பறவை வேட்டையில் விலை ஏறுவது பறவையால் அல்ல. வந்தவர் நடக்க வேண்டிய தூரம் குறையக் குறைய விலை ஏறுகிறது. முழுக்க நடக்காமல் இருப்பவர் கோடீஸ்வரர். நாள் முழுக்க நடப்பவர் வழிகாட்டி.

உங்களிடம் கோவேறு கழுதை இல்லை. கவலை வேண்டாம், வயலின் மறுமுனை இருக்கிறது. டகோட்டாவில் சோளம், மக்காச்சோளம் நின்ற பட்டைகளை ஒரு வரிசை ஆட்கள் நாயோடு நடந்து கலைத்து வருவார்கள்; ஓடும் சேவல் தப்பாமல் இருக்க மறுமுனையில் இரண்டு மூன்று பேர் மடக்கி நிற்பார்கள். மடக்குபவர் நடக்க வேண்டாம், வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடலாம், அதோடு ஓடிவந்த சேவல் எல்லாம் வேறு வழியில்லாமல் கிளம்புவதும் அவர் எதிரேதான். முழங்கால் தேய்ந்த நிறுவனத் தலைவர்களுக்காகவே ஆண்டவன் படைத்த இடம் அது. இதுவரை வயதுக்கு மரியாதை என்று சும்மா கொடுத்து வந்திருப்பீர்கள். இனிமேல் ‘சிறப்பு இருக்கை’.

பொதுவாகக் கல்யாண மண்டபத்துக்காரரின் ஞானம் இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்தும்: வாடகையைக் குறைவாகச் சொல்லி, கரண்டையும் ஜெனரேட்டரையும் பாத்திரத்தையும் துப்புரவையும் தனித்தனியாக வாங்குங்கள். பறவை சுத்தம் செய்ய ஒன்றுக்கு இவ்வளவு. இதை அவரே செய்யலாமே என்பார். செய்யலாம், ஆனால் ஊருக்குக் கொண்டுபோகும்போது சேவல்தான் என்று தெரியும்படி தலையோ காலோ இறகோடு கூடிய சிறகோ ஒட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, வழியில் நிறுத்திக் கேட்பார்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். கத்தியை உங்களிடமே கொடுத்துவிடுவார். பறவைகளை வண்டியின் பின்கதவில் வரிசையாக அடுக்கிப் புகைப்படம் எடுக்கக் கட்டணம் வேண்டாம். அந்தப் படம்தான் அடுத்த ஆண்டு ஆள் கூட்டி வரும். நாயை நடுவில் உட்கார வையுங்கள். நாயைவிட அதிகப் பெருமையோடு நிற்பவர் எவரோ அவரே அன்று ஒன்றும் சுடாதவர்.

பெட்டையைச் சுட்டவரிடம் என்ன வாங்குவது என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம் அல்ல, அவருக்கும் அரசுக்கும் உள்ளது. அதனால்தான் சேவல் எழுந்தால் ‘ரூஸ்டர்!’ என்றும் பெட்டை எழுந்தால் ‘ஹென்!’ என்றும் நீங்கள் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள். ஜனவரியில் உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, சுக்கு மிளகு செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறி தப்பியதற்குத் தள்ளுபடி கேட்பவர் ஒருவராவது வருவார். தரக்கூடாது. மாறாக, நாய் அரை மணி நேரம் புல்லைக் கிழித்துக்கொண்டு தேடி, மூக்கை நீட்டி, காலைத் தூக்கி, உடம்பு நடுங்க நின்று, சேவல் கூப்பிடு தூரத்தில் பெரிய சீலை விரித்ததுபோல் எழும்பி, அவர் இரண்டு தோட்டாவையும் ஆகாயத்துக்கு அர்ப்பணித்ததும், நாய் திரும்பி அவரை ஒரு பார்வை பார்க்கும். நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பார்வையை அறிவார்கள். நியாயமாக மனவேதனைக் கட்டணம் வாங்கவேண்டிய தரப்பு அதுதான்.

சொந்த நாயோடு வருபவர் விஷயத்துக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். தொலைபேசியிலேயே ஆரம்பித்துவிடுவார். “என் நாயைக் கொண்டு வருகிறேன். உங்கள் நாய் தேவைப்படாது. எவ்வளவு குறைப்பீர்கள்?” அந்த நாயின் வம்சாவளி அவருக்கு மனப்பாடம், தாத்தா கோப்பை வாங்கியது, பாட்டி பத்திரிகையில் வந்தது. வயலில் இறக்கிவிட்டதும் அந்த நாய் செய்யும் முதல் காரியம், துப்பாக்கி எட்டாத தூரத்துக்கு ஓடி வயலில் உள்ள அத்தனை சேவலையும் ஒரே நேரத்தில் கிளப்பிப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பிவைப்பது. எசமான் விசில் ஊதுவார். நாய் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும். இன்னும் வேகமாக ஓடும். எசமான், நாயின் மின்னதிர்வுக் கழுத்துப் பட்டைக்கான ரிமோட்டை அமுக்குவார்; சார்ஜ் போட மறந்திருப்பார். “வீட்டில் இப்படிச் செய்ததே இல்லை” என்பார். உண்மைதான், வீட்டில் சோபா மீதுதான் படுத்திருந்தது. அதன்பின் உங்கள் நாயை வண்டியிலிருந்து இறக்குவீர்கள், அது ஒன்றும் நடக்காத மாதிரி எதிர்க்காற்றுப் பக்கம் நின்று வேலையைத் தொடங்கும். ஆகவே விருந்தினர் நாய்க்குத் தள்ளுபடி கிடையாது, கூடுதல் கட்டணம். ‘பயிற்சிக் கட்டணம்’ என்று பெயர் வையுங்கள். நாய்க்கா எசமானுக்கா என்று தெளிவுபடுத்த வேண்டாம்.

காப்பீடு. ஒரே ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். 2006 பிப்ரவரி 11 அன்று டெக்சாசில் ஆம்ஸ்ட்ராங் பண்ணையில் காடை வேட்டையின்போது, அன்றைய துணை அதிபர் டிக் செனி பறவையைத் தொடர்ந்து திரும்பிச் சுட்டதில் 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனுக்கு முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் ரவை பட்டது. பறவை வேட்டைக்கு ஒட்ட வேண்டிய 7 டாலர் முத்திரை செனியிடம் இல்லை என்பதும் பிறகு வெளியே வந்தது. எச்சரிக்கைச் சீட்டோடு விட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த விட்டிங்டன், இந்த வாரம் செனியும் குடும்பமும் பட்ட சிரமத்துக்கு வருந்துவதாக நிருபர்களிடம் சொன்னார். சுடப்பட்டவர் சுட்டவருக்காக வருந்தும் அளவுக்குப் பண்பட்ட வாடிக்கையாளர்கள் உங்களுக்கு வாய்க்க மாட்டார்கள். பாலிசி எடுங்கள், பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள், பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் மட்டும் சுட வேண்டும் என்று காலையிலேயே மூன்று தடவை சொல்லுங்கள். தாழப் பறக்கும் பறவைக்கும் தரைக்கும் நடுவே துள்ளி எழும்புவது உங்கள் 15,000 டாலர்.

முன்பணம் பாதி, திருப்பித் தரப்படாது, பனிப்புயல் வந்தாலும். மேற்கொண்டு இதில் பேச ஒன்றுமில்லை.

அன்பளிப்பு என்று ஒன்று உண்டு. கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வழிகாட்டியின் கையில் வைப்பது வழக்கம். கைகுலுக்கும்போது மடித்த நோட்டு உள்ளங்கைக்கு மாறும். எண்ணிப் பார்க்காதீர்கள், பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம். மூன்று நாளும் எல்லாவற்றையும் குறை சொன்னவர் அள்ளிக் கொடுப்பார். ‘நாமெல்லாம் குடும்பம் மாதிரி’ என்று தோளைத் தட்டியவர் தோளைத் தட்டியதோடு நிறுத்திக்கொள்வார்.

இதைப் படித்துவிட்டுப் புதுக்கோட்டைப் பக்கம் கௌதாரிக்குக் கடை விரிக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டணத்தை நீங்கள் நிர்ணயிக்க வேண்டியதில்லை, நீதிமன்றமே பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு விலை. மூன்றாம் நாள் மாலை, எல்லோரும் பெட்டி கட்டும்போது, ஒருவர் மட்டும் உங்களைத் தனியே தள்ளிக்கொண்டு போவார். கட்டணம் அதிகம் என்று முதல் நாள் முனகியவராகவே பெரும்பாலும் இருப்பார்.

“அந்தப் பெட்டை நாய்... பெயர் என்ன சொன்னீர்கள்? கொடுப்பதாக உண்டா?”

எந்த எண்ணையும் வாயில் எடுக்காதீர்கள். ‘விற்பனைக்கில்லை’ என்றால் பேரம் ஆரம்பித்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். விரட்டுவதற்காக இருபதாயிரம் என்று சொல்லிப் பார்ப்பீர்கள். காசோலைப் புத்தகத்தை எடுப்பார், உங்களுக்கு வியர்க்கும், ஒழுகும் கூரை ஞாபகத்துக்கு வரும், நாய் காலடியில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். அந்த இடத்துக்கே போகக் கூடாது. “வீட்டில்தான் கேட்க வேண்டும்” என்று சொல்லி அவரைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டுக்காரியிடம் நோட்டுப் புத்தகத்தை ஏற்கெனவே கொடுத்து வைத்திருங்கள். அவர் ஒன்றும் பேச வேண்டாம். காப்பியோடு சேர்த்து அதை மேசையில் வைத்தால் போதும். முள்ளம்பன்றிப் பக்கத்தைத் தாண்டி, கதிர்முள் அறுவைச் சிகிச்சைப் பக்கத்துக்கு வரும்போது பெரும்பாலானவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு அக்டோபருக்கு முன்பணம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அப்போது ஐம்பது டாலர் கூட்டிச் சொல்லலாம்.